எந்த ஊரு என்று கேட்பார்கள்

நாங்கள் அரியலூரில் சாப்பாட்டுக் கடை போட்டதற்கு முதல் காரணம் பயம். எங்கள் ஊர் குன்னம் பக்கம். எதற்கென்றாலும் பெரம்பலூருக்குத்தான் பஸ் ஏறுவோம். அங்கே கடை போட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் தினமும் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் ஒருவர் வாசலில் நின்று, "இது அந்தக் காலனிப் பொண்ணு கடையில்ல?" என்று சொன்னால் போதும். அதனால் என் கணவர் பெரம்பலூரில் இடம் பார்த்துவிட்டு வந்து சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது ஒரு குறை சொன்னேன். ஒன்றில் தண்ணீர் வசதி இல்லை, இன்னொன்று சந்துக்குள் இருக்கிறது என்றேன். கடைசியில் அரியலூர் என்று நானே சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

ஊரில் எங்கள் தெருவைக் காலனி என்பார்கள். அப்பா அடுத்தவர்களுடைய மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலிக்குப் போய் எங்களை வளர்த்தார். பிள்ளைகள் நாங்கள் யாரும் இப்போது காட்டு வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிக்கிறவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாங்கள் இலை போட்டு, முன்பின் தெரியாத சனங்களுக்குச் சோறு பரிமாறப் போகிறோம் என்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கும்.

என் கணவர் திருச்சிப் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் வருஷக்கணக்காகச் சமைத்தவர். அங்கே ஒருத்தரும் எதுவும் கேட்டதில்லை என்பார். சமையல்கட்டில் நிற்கிறவரை யாரும் கேட்க மாட்டார்கள், கல்லாவில் உட்கார்ந்தால்தான் கேட்பார்கள் என்று நான் சொல்வேன்.

எங்களுக்குக் கிடைத்த தெருவில் முன்பு சிமெண்டுக் கடை, உரக்கடை, ஒரு வெல்டிங் பட்டறை, அவ்வளவுதான் இருந்ததாம். நாங்கள் போனபோது அது மாறத் தொடங்கியிருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட ஜூஸ் கடை வந்திருந்தது. குழந்தைத் துணிக் கடை, சலூன், மோமோ விற்கிற சின்னக் கடை, எதிர்வரிசையில் லெப்பைக்குடிகாட்டுப் பெண் ஒருத்தி நடத்தும் கேக் கடை. மாதத்துக்கு ஒரு கடையாவது திறந்தார்கள். அன்றைக்கு வாசலில் வாழைமரம், பலூன், சீரியல் லைட்டு, ஸ்பீக்கர் என்று தெருவே கல்யாண வீடு மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் அதே கடைகளில் சிலவற்றின் ஷட்டர் இறங்கி, ‘வாடகைக்கு’ என்று அட்டை தொங்கும். அதைப் பார்க்கிற பயம் எல்லோருக்கும் பொது. எங்களுக்கு அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது.

இடத்தின் ஓனர் மாடியிலேயே குடியிருந்தார். ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மெதுவாகப் பேசுவார். முதல் நாளே எந்த ஊர் என்று கேட்டார். குன்னம் பக்கம் என்று கணவர் சொன்னார். குன்னத்தில் எந்தப் பக்கம் என்று கேட்பார், பிறகு எந்தத் தெரு என்று கேட்பார் என்று நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. திரும்பி வந்தவர் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கடைக்குப் பெயர் வைப்பதிலும் பயந்தேன். கணவர் எங்கள் குலதெய்வத்தின் பெயரை வைக்கலாம் என்றார். அந்தப் பெயரைப் படித்தாலே இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நாங்கள் யார் என்று புரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் ‘வீட்டுச் சாப்பாடு’ என்று மட்டும் போர்டு எழுதினோம். திறப்பு நாளுக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். "நா வரல பாப்பா. மொதல்ல கடை ஓடட்டும், அப்பறம் வரேன்" என்று சொல்லிவிட்டார். அவருக்கும் என்ன பயம் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்ததால் மேற்கொண்டு பேசாமல் போனை வைத்தோம்.

கடை ஓடியது. என் கணவரின் வத்தக்குழம்புக்காகவே ஆட்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸுகள் வந்தார்கள். பக்கத்துத் தெரு பைனான்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு கூட்டமாக வந்து எப்போதும் ஒரே மேசையில் உட்கார்வார்கள். மாடியில் ஓனரின் மனைவிக்கு முழங்கால் வலி. அதனால் மதியத்துக்கு அவர்கள் வீட்டுக் கேரியர் எங்களிடம் இறங்கி வரும். முதல் முறை அந்தக் கேரியரில் சோறு வைத்தபோது மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பழகிவிட்டது.

பழகியதே தவிர நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் முதலில் முகத்தைத்தான் பார்ப்பேன். எங்கள் பக்கத்து ஆளா, இல்லையா? சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சிலர் பேச்சுக் கொடுப்பார்கள். "சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா. எந்த ஊரு நீங்க?" அன்பாகத்தான் கேட்பார்கள். திருச்சி என்று ஒருநாளும், குன்னம் பக்கம் என்று ஒருநாளும் சொல்வேன். யாரிடம் எதைச் சொன்னேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதே ஒரு தனி வேலையாக இருந்தது. வூடு என்று வாயில் வந்துவிடாமல் வீடு என்று சொல்லப் பார்ப்பேன். இத்தனைக்கும் அந்தத் தெருவில் பாதிப் பேர் வூடு என்றுதான் சொல்வார்கள். பயத்தில் அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம், நம் வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் கணவர்தான் வற்புறுத்தி அழைத்து வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தார்கள். நல்ல வெயில், சாப்பாட்டு நேரம். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரச் சொன்னேன். "ஆளுங்க சாப்புடறாங்க பாப்பா. நா இப்படியே பின்பக்கமாப் போயிக்கிறேன்" என்றார். கணவர் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, கடைசி மேசையில் சுவரைப் பார்த்த மாதிரி உட்கார வைத்து இலை போட்டார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நன்றாகவே சாப்பிட ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. எந்த வீட்டுக் காட்டில் என் அப்பா பாதி ஆயுசு உழைத்தாரோ, அந்த வீட்டு மகன். என் வயதுதான். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். இப்போது அரியலூர் சிமெண்டுத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அரியலூர் என்று முடிவு செய்தபோது நான் யோசிக்காமல் விட்டது அதைத்தான்.

கூட இரண்டு பேரோடு வந்து நடு மேசையில் உட்கார்ந்தார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு, கட்டி முடித்த பார்சலையே மறுபடி அவிழ்த்துக் கட்டினேன். என் கணவர் குன்னத்துக்கு அந்தப் பக்கத்து ஊர், அதனால் அவரை இவருக்குத் தெரியாது. "தம்பி, இன்னுங் கொஞ்சம் வத்தக்குழம்பு ஊத்துங்க. பிரமாதமா இருக்குங்க" என்று சொல்வது கேட்டது. சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார், ஒன்றும் ஆகாது, அப்பா சுவரைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்பா திரும்பாமல் இருந்தால் போதும்.

ஆனால் அப்பாவுக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது. கண்தான் மங்கலே தவிர காது நன்றாகக் கேட்கும். நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. இலையில் பாதிச் சாப்பாடு மிச்சமிருந்தது. தோளில் கிடந்த துண்டை இடது கையால் எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

நாற்காலிச் சத்தத்தில் அந்த மனிதரும் திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்கடா இங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஊரில் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் பேசினார். ஆனால் தன் அப்பன் வயதுள்ள ஒருவரை அவர் ‘டா’ போட்டதும் கடையில் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. பைனான்ஸ் ஆபீஸ் மேசையில் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள்.

"மவ கடைங்க ஐயா" என்றார் அப்பா.

அந்தக் குரலில் பயம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னை என்னவோ செய்துவிட்டது. பார்சலைப் போட்டுவிட்டு அப்பாவிடம் போனேன்.

"உக்காருப்பா. சாப்புடு."

அப்பா உட்காரவில்லை. என்னைத் தாண்டி அந்த மனிதரைப் பார்த்தார். அவர் கையை லேசாக ஆட்டி, "உக்காரு, உக்காரு" என்றார். அதற்குப் பிறகுதான் அப்பா உட்கார்ந்தார். என் கடையில், என் நாற்காலியில் உட்கார என் அப்பாவுக்கு அவர் அனுமதி கொடுத்தார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

அந்த மேசையிலும் அதற்குமேல் யாரும் சாப்பிடவில்லை. மூன்று பேரும் எழுந்து கை கழுவினார்கள். அவர் போகும்போது என் கணவரிடம், "நீ எந்த ஊரு?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ‘ஊத்துங்க’ என்றவர், இப்போது ‘நீ’ என்றார். என் கணவர் தன் ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் சேர்த்தே சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மாடியிலிருந்து கேரியர் இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஓனரின் மனைவி சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று கணவர் சொன்னார். மாடியில் மிக்ஸி ஓடும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பைனான்ஸ் ஆபீஸ் கூட்டம் வரவில்லை. நர்ஸுகள் வந்தார்கள். ஆனால் நான் எதையும் நம்பும் நிலையில் இல்லை. ஒரு நர்ஸ் சாப்பாட்டில் கல் கிடப்பதாகச் சொன்னால்கூட, இதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று நினைப்பேன். தெருவில் லாரி ஏதாவது மெதுவாகப் போனால், இது அவருடைய லாரியா, கடை வாசலில் கல்லைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்களா என்று பார்ப்பேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். காத்துக்கொண்டிருப்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ராத்திரியில் பல்லைக் கடிக்கிறேன் என்று கணவர் சொன்னார்.

இதற்கிடையில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். வீட்டில் தனியாக விட முடியாததால் எங்களோடு கடைக்கு வருவார். அடுப்புப் புகை ஆகாது, வெங்காயம் நறுக்குகிற இடத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் காற்றோட்டமாக வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிட வருகிறவர்கள், "என்ன பெரியவரே, கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே வருவார்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்றார். நான் சொல்லிச் சொல்லி அதைக் குறைத்துக்கொண்டார்.

ஒருநாள் காலையில் ஓனர் இறங்கி வந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கணவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். ஓனர் அவரைக் கடந்து உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். தனக்கு இதிலெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார். ஆபீஸில் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்டவன் என்றார். ஆனால் யார் யாரோ போன் செய்து கேட்கிறார்களாம். வீட்டில் தன் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம். அக்ரிமெண்ட் முடியப்போகிறது, மறுபடி போட்டுத் தருவதில் தனக்குச் சம்மதம்தான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. அப்பாவ இப்படி முன்னால உக்கார வைக்க வேணாம். பின்னால ஒரு சேர் போட்டுக்கங்க. வர்றவங்க போறவங்க பாக்கறாங்கல்ல."

சரி சார் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் மனசு துடித்தது. இந்தக் கடை போனால் எங்கே போவோம் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. வாசலில் அப்பாவின் முதுகு தெரிந்தது. அவருக்குக் கேட்டிருக்குமோ என்று பார்த்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கிறது என்று அதிலேயே தெரிந்தது.

"அவரு எங்கப்பா சார். அவர எந்திரிச்சுப் பின்னால போப்பான்னு என்னால சொல்ல முடியாது."

என் குரல் எனக்கே சன்னமாகக் கேட்டது. ஓனர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அப்ப உங்க இஷ்டம்மா. மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அவர் போன பிறகு கீரையைத் தள்ளி வைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கணவர் வந்ததும் சொன்னேன். நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டாயே என்று திட்டுவார் என்று பயந்தேன். அவர் பையிலிருந்த தக்காளியைக் கொட்டிப் பரப்பியபடி, "போவட்டும் வுடு. இந்தச் சமையல்கட்டுல பொக போறதுக்கு வழியே இல்ல" என்றார். சாயங்காலம் அப்பா, தன்னை ஊருக்குப் பஸ் ஏற்றிவிடச் சொன்னார். மருந்து முடியும்வரை அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன்.

பிறகு இடம் தேடி அலைந்தோம். ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி. இந்த முறை கணவர் எல்லா இடத்திலும் மறைக்காமல் சொன்னார். இடம் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும்போதே, மகன் கேட்கிறான், மச்சான் வரப்போகிறான் என்று சொல்லி அனுப்பினார்கள். மாதம் முடிய முடிய எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எதிர்வரிசைக் கேக் கடைப் பெண் ஒருநாள் சாப்பாடு வாங்க வந்தாள். நடந்ததையெல்லாம் தெருவில் கேள்விப்பட்டிருந்தாள். தன் கடைக்கு அடுத்த போர்ஷனில் இருந்த மொபைல் கடை காலியாகிவிட்டது என்றாள். "அந்த எடத்துக்காரர் எங்க ஊருதான் அக்கா. துபாய்ல இருக்காரு. நா பேசறேன், இன்ஷா அல்லா கெடச்சிரும். எனக்கும் இந்த டவுன்ல எடம் குடுக்க எத்தன பேரு யோசிச்சாங்க தெரியுமா?" என்றாள். இத்தனை நாள் எதிரில் இருந்தும் அவளிடம் நான் அதிகம் பேசியதில்லை. அவளும் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்ற பயம்தான்.

இடத்துக்காரர் போனிலேயே பேசினார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கடையில் பன்றிக்கறியும் சாராயமும் இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். வத்தக்குழம்புக் கடையில் அதெல்லாம் எப்படி வரும் என்று கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடும்வரை, இவரும் மறுபடி போன் செய்து மாற்றிச் சொல்லிவிடுவார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பையும் மேசைகளையும் தெருவைக் கடந்து தூக்கி வந்தோம். மோமோ கடைக்காரரும் கேக் கடைப் பெண்ணும் கை கொடுத்தார்கள். அப்பா எங்களோடு இருக்க விரும்பவில்லை. கண் சரியாகிவிட்டது, மக்காச்சோள அறுப்புக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி, நாங்கள் கடை மாற்றுவதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார். யாருடைய காட்டு அறுப்பு என்று நான் கேட்கவில்லை. இப்போதும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

புது இடத்தில் முதல் வாரம் பாதி மேசைகள் காலியாகவே கிடந்தன. நர்ஸுகள் தெருவைக் கடந்து வந்தார்கள். கேக் வாங்க வந்தவர்கள் சிலர் எட்டிப் பார்த்து உள்ளே வந்தார்கள். பைனான்ஸ் ஆபீஸ் ஆட்களில் ஒருவர் ஒருநாள் தனியாக வந்தார். முகம் கொடுத்துப் பேசாமல் சாப்பிட்டார். மறுநாளும் வந்தார். மற்றவர்கள் வரவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் வருகிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

போன மாதம் அந்த வெள்ளைக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அவரேதான் இறங்கினார். சாப்பாட்டு நேரம், கடையில் ஆட்கள் இருந்தார்கள். கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அவர் எங்கள் கடைக்குள் வரவில்லை. கேக் கடைக்குப் போய்ப் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றோடு வெளியே வந்தார். பிள்ளைக்குப் பிறந்தநாளாக இருக்கும். காரில் ஏறுவதற்கு முன்னால் எங்கள் போர்டைப் பார்த்தார். பிறகு உள்ளே, என்னைப் பார்த்தார். என்னால் பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் முடியவில்லை, நேராகப் பார்க்கவும் முடியவில்லை. பெட்டியைப் பின் சீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு அவர் கிளம்பிப் போனார். கார் முனை திரும்புகிறவரை நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

ஒருவர் ரசம் கேட்டார். போய் ஊற்றினேன்.